வில்லனைக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிப் போங்கள்

சித்தூர்ப் பக்கத்தில் வாய்ச்சண்டை முற்றினால் கடைசியாக வந்து விழுகிற வார்த்தை ஒன்றுதான். "காணிப்பாக்கம் வர்றியா?" தெலுங்குக்காரர் என்றால் "காணிப்பாக்கம்லோ பிரமாணம் சேஸ்தாவா?" என்பார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் குரல் இறங்கிவிடும். வாங்கின கடனை இல்லை என்கிறவன், ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை நகர்த்தினவன், அண்ணன் வைத்த நகையைப் பார்க்கவே இல்லை என்கிற தம்பி, யாராக இருந்தாலும் கோயில் குளத்தில் முழுகி, சொட்டச் சொட்ட ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நின்று சொல்லிவிட்டால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளும். பொய்ச் சத்தியம் பண்ணினவனை அவர் சும்மா விடமாட்டார் என்பது நம்பிக்கை. குளத்தில் காலை வைக்கும்போதே அழுது ஒப்புக்கொண்டவர்கள் கதை எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒன்று உண்டு. குடியை விடுகிறேன் என்று சத்தியம் பண்ண வருகிறவர்களும் இதே படியில்தான் இறங்குகிறார்கள். ஆந்திரத்து அரசியல்வாதிகள்கூட ஒருவர்மேல் ஒருவர் ஊழல் பழி போட்டுக்கொள்ளும்போது, கோர்ட்டுக்கு வா என்பதற்கு முன்னால் காணிப்பாக்கத்துக்கு வா என்றுதான் சவால் விடுகிறார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

சினிமாவில் கதாநாயகனையும் வில்லனையும் எப்படி எழுதுவது என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற ஒரே பரீட்சையும் இந்தக் குளத்துப் படிதான்.

நான் சினிமாக்காரன் இல்லை. சித்தூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிப் போட்ட பழக்கத்தில், படம் எடுக்கப் போகிறேன் என்கிற பையன்கள் ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர்கள் அப்பாக்களும் என்னிடம் படித்தவர்கள் என்பதால் "தாத்தா" என்று கூப்பிடும் உரிமை வேறு. சமீபத்தில் ஒருவன் செல்போனில் வைத்துக்கொண்டே படித்துக் காட்டினான். வில்லன் மணல் திருடுகிறான், பள்ளிக்கூட நிலத்தை வளைக்கிறான், கேட்ட வாத்தியாரை லாரி ஏற்றிக் கொல்கிறான். கதாநாயகன் வாத்தியாரின் மகன். இன்டர்வெல்லில் அடிக்கிறான், கிளைமாக்ஸில் கொல்கிறான்.

"நல்லாத்தான் இருக்குடா. உன் வில்லனைக் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிட்டா வருவானா?"

"எதுக்கு தாத்தா வரணும்? அவன்தான் கெட்டவனாச்சே."

"கெட்டவன்னு உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

பையன் செல்போனை மடியில் வைத்துவிட்டான். பதில் வரவில்லை. அவனுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். அப்பா இறந்து காரியம் முடிந்த பதினாறாம் நாள் கிணற்றுப் பங்கில் அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்தது. மானாவாரி நிலம் இருவருக்கும் சரிபாதி, அதில் பேச்சில்லை. கிணறும் மோட்டாரும் அதை ஒட்டின கழனியும் யாருக்கு என்பதுதான் சண்டை. "அப்பா எனக்குன்னு வாயால சொன்னாரு" என்றான் அண்ணன். தம்பியும் அதையேதான் சொன்னான். பெரியவர்கள் பேசிப் பார்த்து அலுத்துப்போய் இருவரையும் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அண்ணன் முதலில் இறங்கினான். மூன்று முழுக்குப் போட்டான். வேட்டியைப் பிழியாமல் அப்படியே உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். தம்பி பின்வாங்குவான் என்று எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவனும் இறங்கினான், முழுகினான், அதே வார்த்தையைச் சொன்னான். இருவருமே தடுமாறவில்லை. வெளியே வந்து இரண்டு பேரும் இரண்டு தூணோரம் துணி காய உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இவ்வளவு பெரிய பொய்யைச் சாமி முன்னால் சொல்ல இவனுக்கு எப்படி மனசு வந்தது என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும்.

விஷயம் பிறகுதான் வெளியே வந்தது, அதுவும் அவர்கள் அத்தை வாயிலிருந்து. கிழவர் படுக்கையில் கிடந்தபோது பகலில் ஒருவன் பார்த்துக்கொண்டான், இரவில் ஒருவன் பார்த்துக்கொண்டான். பகலில் கஞ்சி ஊற்றினவனிடம் "கிணறு உனக்குத்தான்டா" என்றிருக்கிறார். இரவில் முதுகு தேய்த்துவிட்டவனிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். பெற்ற பாசம், நன்றி, கொஞ்சம் பயம், எல்லாம் சேர்ந்து சொல்ல வைத்த வார்த்தை. இரண்டு சத்தியமும் உண்மை. பொய் சொன்னவர் ஒருவர் உண்டு என்றால் அவர் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது.

இதைப் படமாக எடுத்தால் யார் கதாநாயகன், யார் வில்லன்? கேமராவை யார் வீட்டுத் திண்ணையில் வைக்கிறீர்களோ அவன் நாயகன். எதிர் வீட்டுக்காரன் வில்லன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பையனுக்குப் பிறகு பிரித்துச் சொன்னேன். பொய் என்று தெரிந்தே குளத்தில் முழுகிச் சத்தியம் பண்ணுகிறவன் வெறும் போக்கிரி. அவனை வைத்து இரண்டு சீன் ஓட்டலாம், மூன்றாவதில் ஜனங்களுக்கு அலுத்துவிடும். தன் பக்கம்தான் நியாயம் என்று நம்பி, கால் நடுங்காமல் படியிறங்குகிறானே, அவன்தான் வில்லன். அவனைத்தான் எழுத முடியும். பயப்படவும் அவனிடம்தான் வேண்டும். தன் பக்கம் நியாயம் இருந்தும் இறங்கத் தயங்கி, எங்கேயாவது நான் ஒரு சொல் கூட்டிச் சொல்கிறேனோ, எதையாவது மறைக்கிறேனோ என்று படியிலேயே நிற்கிறவன் கதாநாயகன்.

தமிழில் இதை முதலில் துணிந்து செய்து காட்டிய படம் என்று நான் 'அந்த நாள்' படத்தைச் சொல்வேன். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே இல்லாத படம். 1943இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான், அதில்தான் படமே தொடங்குகிறது. அந்த ராஜன் சிவாஜி கணேசன். விசாரணை போகப் போகத்தான் அவன் நாட்டையே காட்டிக்கொடுத்தவன் என்று தெரிகிறது. அவனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: தன் திறமையைத் தன் நாடு மதிக்கவில்லை, மதித்தவன் எதிரி நாட்டுக்காரன். அவனைச் சுட்டது அவன் மனைவிதான் என்று சொல்லிவிடுகிறேன். எழுபது வருடத்துக்கு மேல் ஆன படம், இனியும் ரகசியம் காக்க வேண்டியதில்லை. ராஜனைக் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பான். நான் துரோகி இல்லை என்று சத்தியமும் பண்ணியிருப்பான். தயங்கியிருக்கக்கூடியவள் அந்த மனைவி.

"அதெல்லாம் அந்தக் காலத்துப் படம் தாத்தா. மாஸ் படத்துக்கு இது செட்டாகாது" என்றான் பையன். 'படையப்பா' மாஸ் இல்லையா என்று கேட்டேன். 1999இல் வந்த அந்தப் படத்து நீலாம்பரியைக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நந்தினியை மனதில் வைத்து உருவாக்கியதாகப் படமெடுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டு வருடம் ஓர் அறைக்குள் தன்னையே பூட்டிக்கொண்டு கிடக்கிறாள். அவள் அழகில்லாதவள் இல்லை, கோழையும் இல்லை. தனக்கு உரியதை ஒரு வேலைக்காரப் பெண் தட்டிப் பறித்துவிட்டாள் என்று உள்ளுக்குள் உறுதியாக நம்புகிறாள். ரஜினி என்கிற மலைக்கு எதிரே ரம்யா கிருஷ்ணன் சரிசமமாக நின்றது அந்த நம்பிக்கையின் பலத்தில்தான். அந்த ரஜினிகாந்தே 'மூன்று முடிச்சு', '16 வயதினிலே' என்று எதிர்நிலைப் பாத்திரங்களில் நடித்துவிட்டு, 1978இல் 'பைரவி'யில்தான் தனி நாயகன் ஆனார். எங்கள் திருப்பதிப் பக்கத்து மோகன்பாபுவும் தெலுங்கில் வருடக்கணக்காக வில்லனாக நடித்துப் பேர் வாங்கி, பிறகு நாயகன் ஆனவர். ஜனங்கள் மனதில் அந்த இரண்டு நாற்காலிகளும் அவ்வளவு பக்கத்தில் கிடக்கின்றன.

நம்பியாரைப் பற்றி ஒரு வார்த்தை. சபரிமலைக்குக் குருசாமியாக ஏராளமானவர்களைக் கூட்டிப் போன மனிதர், படத்தில் அவரைக் கண்டால் தாய்மார்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவரது நல்ல வேஷங்களில் ஒன்று 'எங்க வீட்டுப் பிள்ளை'. தெலுங்கில் 1964இல் என்.டி. ராமராவ் இரட்டை வேடத்தில் நடித்த 'ராமுடு பீமுடு'தான் அடுத்த வருடம் தமிழுக்கு வந்தது. இரண்டையும் இயக்கியவர் சாணக்யா. அதில் வில்லன் கொள்ளைக்காரனோ பாதாள உலகத்தானோ இல்லை, அக்காள் புருஷன். வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வருகிற வில்லன். சவுக்கு அவர் கையில் இருக்கும்வரை கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது எம்.ஜி.ஆர். கைக்கு மாறினதும் விசில் பறந்ததே, அந்த விசிலில் பாதியைச் சம்பாதித்துக் கொடுத்தவர் நம்பியார் என்பது என் கணக்கு. வில்லன் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம்தான் நாயகன் ஏற முடியும்.

வில்லனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் எழுதக் கஷ்டமானவன் கதாநாயகன்தான். அதற்கும் காணிப்பாக்கத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. கோயிலை ஒட்டி ஓடுகிற பாகுதா ஆற்றிலேயே பதில் இருக்கிறது. ஓடுகிற என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், வருடத்தில் பல மாதம் அது மணல்தான். ஊமை, செவிடு, குருடு என்று மூன்று சகோதரர்கள் கிணறு வெட்டும்போது விநாயகர் வெளிப்பட்ட கதையைக் கோயிலுக்கு வருகிற எல்லோரும் கேட்டிருப்பார்கள். இந்த ஆற்றின் கதையைக் கேட்டவர்கள் குறைவு. தலபுராணத்திலும் உண்டு, வியாச பாரதம் சாந்தி பருவத்திலும் உண்டு.

சங்கர், லிகிதர் என்று இரண்டு முனிவர்கள், அண்ணன் தம்பி. ஆற்றங்கரையில் ஆளுக்கோர் ஆசிரமம். அண்ணன் இல்லாத நேரத்தில் தம்பி வந்து அவர் தோப்பில் பழுத்த பழத்தைப் பறித்துத் தின்றுகொண்டிருக்கிறார். மாம்பழம் என்பது எங்கள் ஊர்க் கதை. சித்தூரில் வேறு எந்தப் பழத்தைச் சொன்னால் நம்புவார்கள்? அண்ணன் வந்து, எங்கே பறித்தாய் என்கிறார். இங்கேதான் என்று தம்பி சிரிக்கிறார். அண்ணன் சிரிக்கவில்லை. கேட்காமல் எடுத்தால் திருட்டு, அரசனிடம் போய்ச் சொல்லித் தண்டனை வாங்கிக்கொள் என்கிறார்.

தம்பி போகிறார். அரசன் சுத்யும்னன், முனிவர் வருகிறார் என்று எழுந்து எதிர்கொண்டு ஓடி வருகிறான். என்ன கேட்டாலும் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறான். அதன் பிறகுதான் லிகிதர் வாயைத் திறக்கிறார்: நான் திருடன், தண்டனை கொடு. அரசன் கலங்கிப்போகிறான். தண்டிக்கிற அதிகாரம் உள்ளவனுக்கு மன்னிக்கிற அதிகாரமும் உண்டே, மன்னித்தேன், போய் வாருங்கள் என்று கெஞ்சிப் பார்க்கிறான். லிகிதர் அசையவில்லை. இரண்டு கையும் வெட்டப்படுகின்றன. அந்தக் கோலத்தோடு அண்ணனிடம் திரும்பி வந்து, தண்டனை வாங்கிவிட்டேன், இப்போதாவது மன்னியுங்கள் என்கிறார். அண்ணன், எனக்கு உன்மேல் கோபமே இல்லையப்பா, ஆற்றில் இறங்கி முன்னோருக்குத் தர்ப்பணம் செய் என்கிறார். கையில்லாதவன் எப்படித் தர்ப்பணம் செய்வான்? முழுகி எழுந்து, இல்லாத கையால் நீரை எடுக்கப் போகிறார். கைகள் முளைத்துவிடுகின்றன.

இதோடு கதையை முடித்திருந்தால் இது வெறும் அற்புதக் கதை. வியாசர் முடிக்கவில்லை. தம்பி ஈரக் கையோடு ஓடி வந்து அண்ணனைக் கேட்கிறார்: இவ்வளவு தபோபலம் உம்மிடம் இருந்ததே, என்னை முதலிலேயே நீர் தூய்மையாக்கியிருக்கக் கூடாதா? தண்டிக்கிற அதிகாரம் எனக்கில்லை, அது அரசனுடையது என்று அண்ணன் பதில் சொல்கிறார். அந்தக் கேள்வியில்தான் கதையே இருக்கிறது. பதிலில் எனக்கு இன்றுவரை முழுத் திருப்தி கிடையாது.

இந்தக் கதையில் ஒரு கெட்டவன் உண்டா? ஒரு பழத்துக்குக் கை போகிற அளவுக்குக் கொடுமை நடக்கிறது, ஆனால் மூன்று பேரும் நல்லவர்கள். இப்படி எழுதத் தெரிந்தவனுக்குத்தான் கெட்டவனையும் எழுதத் தெரியும். லிகிதரைக் கவனியுங்கள். தப்பிக்க மூன்று வழி இருந்தது: அண்ணன் தோப்புத்தானே என்று வாதாடியிருக்கலாம், வழியில் வேறு பக்கம் போயிருக்கலாம், அரசன் தந்த மன்னிப்பை எடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்றையும் விட்டார். கதாநாயகனை அடிதடி காட்டுவதில்லை, அவன் எந்தக் கதவு வழியாகத் தப்பிக்க மறுக்கிறான் என்பதுதான் காட்டுகிறது.

1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தைத் திரும்பப் பாருங்கள். கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கியது. நாயகன் சக்திவேல் சொந்த ஊரைவிட்டு ஓடிவிடத்தான் வருகிறான். வெளிநாட்டில் படித்தவன், ஓட்டல் தொழில் நடத்த ஆசைப்படுகிறவன். கடைசியில் அவன் கையாலேயே வில்லன் மாயன் சாகிறான். ஊர்க்காரர்கள் பழியைத் தாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்கிறார்கள், அவன் சம்மதிக்காமல் சிறைக்குப் போகிறான். பாகுதா கரையிலிருந்து லிகிதர் நடந்துபோன அதே நடை. நாசர் செய்த மாயனுக்கும் தான் இரண்டாம் வீட்டுப் பிள்ளையாக ஒதுக்கப்பட்டோம் என்கிற ஆறாத புண் இருந்தது. அந்தப் புண்ணை எழுதாமல் வெறும் அரிவாளை மட்டும் எழுதியிருந்தால் இந்தப் படத்தை அந்தத் தீபாவளியோடு மறந்திருப்போம்.

ஓர் எச்சரிக்கை. வில்லனுக்கு நியாயம் வேண்டும் என்று சொன்னதும் பையன்கள் உடனே ஒரு பிளாஷ்பேக் எழுதிவிடுகிறார்கள். சின்ன வயதில் பசி, சித்தி கொடுமை, மழையில் அம்மா சாவு. நியாயம் வேறு, அனுதாபம் வேறு. ராஜனுக்காக நாம் அழுவதில்லை, துரியோதனனுக்கும் பால்யத்தில் யாரும் சோறு போடாமல் இல்லை. "என் அப்பா மூத்தவர், கண் தெரியாததால் நாடு தம்பிக்குப் போயிற்று, அப்படியானால் எனக்கு எதுவும் இல்லையா?" என்று அவன் கேட்பதற்குப் பதில் சொல்ல ஆஸ்தான வக்கீல்களே திணறுவார்கள். வாதத்தை எழுதுங்கள், வயலினைக் குறையுங்கள்.

பாரதத்தைத் தொட்ட பிறகு விடமுடியாது. எங்கள் ஜில்லாவில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து, தமிழூர் என்றால் தமிழ், தெலுங்கூர் என்றால் தெலுங்கு, இரண்டும் கலந்த ஊர்களும் உண்டு. துரியோதனன் வரவைப் பாருங்கள். இன்றைக்கு வில்லன் இன்ட்ரோ என்று ஸ்லோ மோஷனில் பாதி மட்டும் காட்டுகிறார்களே, அதை நம் கூத்துக்காரர்கள் ஒரு திரைத்துணியால் எப்போதோ செய்துவிட்டார்கள். இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். கிரீடத்தின் நுனி தெரியும். அவன் தன் பெருமையைத் தானே பாடுவான், தன்னை அரசன் என்றே பாடுவான், பாவி என்று பாடமாட்டான். கட்டியக்காரன்தான் நடுவில் புகுந்து மானத்தை வாங்குவான். துகிலுரியும் கட்டம் வரும்போது துச்சாதனன் வேஷம் கட்டினவர் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். வேஷம் வேறு, தான் வேறு என்று தெரிந்த கலைஞன் அவர்.

கடைசி நாள் படுகளம். வெட்டவெளியில் களிமண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு வீட்டு நீளத்துக்கு உருவம், உருட்டின கண், மீசை, விரித்த கை. பீமன் வேஷக்காரர் அவன்மேலேயே ஏறி ஓடி ஓடிச் சண்டை போடுவார். துரியோதனன் வேஷக்காரரும் விடமாட்டார். துடையில் அடி விழுந்ததும் உள்ளே வைத்திருக்கிற சிவப்பு நீர் கொப்பளிக்கும், திரௌபதி கூந்தலை முடிப்பாள். நாயகன் ஜெயித்தாயிற்று, நம் சினிமா இங்கே 'வணக்கம்' போட்டுவிடும். படுகளம் முடியாது. ஆண் ஒருவர் காந்தாரி வேஷத்தில், கையில் முறமும் துடைப்பமுமாக வந்து, மண்ணில் கிடக்கிற மகனைச் சுற்றிச் சுற்றி ஒப்பாரி வைப்பார். நடுநடுவே துடைப்பத்தால் கூட்டத்தை விளாசுவதும் உண்டு, அந்த அடி நல்லது என்று குனிந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவரை பீமனுக்குக் கை தட்டின கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஜனம் கலையும்போது அந்த உருவத்தின் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்த் தானியக் குதிரில் போடுகிற வழக்கமும் சில ஊர்களில் உண்டு. செத்துப்போன வில்லனின் மண் வீட்டுக்கு விருத்தி என்று நம்புகிற ஜனங்கள் நாம்.

வியாசரும் அப்படித்தான். துடை முறிந்து கிடக்கிற துரியோதனன், என்னைப் போல் வாழ்ந்தவனும் இல்லை, செத்தவனும் இல்லை என்கிற பொருளில் பேசுகிறான். அவன்மேல் வானத்திலிருந்து பூ பெய்கிறது. ஜெயித்த பாண்டவர்கள் தலைகுனிகிறார்கள். தர்மபுத்திரர் கதை இன்னும் விசேஷம். பூமியில் படாமல் நாலு விரற்கடை மேலே ஓடின தேர் அவருடையது. துரோணரிடம் அசுவத்தாமன் செத்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மெல்ல முணுமுணுத்த அந்தக் கணத்தில் தேர் தரையில் இறங்கிவிட்டது. நாயகனின் பொய்யை விரற்கடைக் கணக்கில் அளந்து வைத்த வேறொரு எழுத்தாளனை எனக்குத் தெரியாது. போர் முடிந்து அரியணை வேண்டாம் என்று அவர் அழுதபோதுதான் வியாசர் சங்கர் லிகிதர் கதையைச் சொல்கிறார். ஜெயித்தவன் படியிலேயே நிற்கிறான், தோற்றவன் தலை நிமிர்ந்து சாகிறான். 1977இல் 'தான வீர சூர கர்ணா'வில் என்.டி. ராமராவ் கிருஷ்ணன், கர்ணன், துரியோதனன் மூன்றையும் தாமே எடுத்துக்கொண்டார். கிருஷ்ணனாகவே வாழ்நாளெல்லாம் கும்பிடப்பட்டவர், துரியோதனனை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் நடித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சினிமா எடுக்காதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மருமகள் வில்லி, அல்லது மாமியார் வில்லி; பங்காளி வில்லன், பழைய சிநேகிதன் துரோகி. வசனமெல்லாம் நாமே எழுதியது. வயதான பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒருவர் மற்றவரைப் பற்றிக் குறை சொல்லும்போது, "சரி, இதையே அவர் வந்து சொன்னால் எப்படிச் சொல்வார்?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப்பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். மீதிப்பேர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, ஆச்சரியமாக, எதிராளி பக்கத்தை எதிராளியைவிட நன்றாகவே சொல்கிறார்கள். தெரியாமல் இல்லை, கேட்க ஆளில்லை. அந்தக் கிணற்றுக்கார அண்ணன் தம்பியும் அத்தை சொன்ன பிறகு ஒரே நாளில் கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. எனக்கு அதுவே போதும்.

மணல் வில்லனை எழுதின பையன் ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருக்கிறான். மணல் எடுத்த காசில் ஊருக்கு ரோடு போட்டுக் கொடுத்தவன் என்று இப்போது எழுதியிருக்கிறான். ஊரே அவனைக் கும்பிடுகிறது, வாத்தியார் மகனோடு பேச ஆளில்லை. தேறிவிடுவான் போலத்தான் இருக்கிறது. நாயகனைத்தான் இன்னும் தயங்க வைக்க மாட்டேன் என்கிறான், ஹீரோ கால்ஷீட் கிடைக்காது தாத்தா என்று.

படம் எடுக்கக் கிளம்புகிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். கொரியப் படமும் இங்கிலீஷ் படமும் செல்போனில் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோடையில் சித்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் எப்போது என்று விசாரித்து, படுகளத்தன்று விடியற்காலையிலேயே வந்து உட்காருங்கள். பீமன் ஜெயித்ததும் எழுந்துவிடாதீர்கள், காந்தாரி வரும்வரை இருங்கள். அந்த வேஷம் கட்டினவர் கூலிக்கு ஆடுகிற மனிதர், போகும்போது அவர் கையில் நூறோ இருநூறோ வைத்துவிட்டுப் போங்கள்.